ஒரே நாளில் இரண்டு சாவு

ராஜகீழ்ப்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சவுரிமுத்து நெஞ்சுவலியில் போன காலையில்தான் அந்தப் பெரிய நடிகரும் போய்ச் சேர்ந்தார். சவுரிமுத்துவின் மனைவி கனகவல்லி அபார்ட்மெண்ட் வீடுகளில் சமைப்பவள். நேரம் பார்த்துச் செத்தான் என்று இன்றைக்கும் நடிகரைத்தான் திட்டுவாள்; புருஷனை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

அவள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. அன்று கடையெல்லாம் அடைப்பு, மாலைக்கு வழியில்லை. மாதா படத்தில் கிடந்த பழைய சரத்தைத்தான் கழற்றிப் போட்டார்கள். ஸ்டாண்டு ஆட்கள் கும்பிட்ட கையோடு நடிகரின் முகம் பார்க்க ஓடிவிட்டார்கள். டிவி முன்னால் அழுதுகொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்கள் விளம்பரம் வந்தபோதுதான் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பெட்டி தூக்க ஆள் கேட்டு அவள் தம்பி ஆல்வின் தெருத்தெருவாக அலைந்தான்.

மறுநாள் ஸ்டாண்டில் பெரிய பேனர். நடுவில் கைகூப்பிய நடிகர், கீழே ‘கண்ணீருடன்’ என்று ஓட்டுநர்களின் முகங்கள். அவசரத்தில் பொங்கல் பேனருக்குக் கொடுத்த போட்டோக்களையே அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் கூலிங்கிளாஸோடு சிரித்தபடி சவுரிமுத்து. முந்தின சாயங்காலம் புதைத்த மனுஷன் நடிகருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். நடிகர் முகத்தைக் கழற்ற யாருக்கும் துணிச்சல் இல்லாததால் பேனர் அங்கேயே கிடந்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், அந்த ஆண்டு நாட்டில் நடந்ததையெல்லாம் டிவியில் ஓட்டினார்கள். தேர்தல், வெள்ளம், ராக்கெட், பிறகு மறைந்தவர்கள். தன் புருஷன் அதில் வரமாட்டார் என்று தெரியாத ஏமாளியா கனகவல்லி? ஆனாலும் உட்கார்ந்து பார்த்தாள். புருஷன் செத்த தேதியைப் போட்டு, நாடே அழுத நாள் என்றார்கள். முகம் நடிகருடையது. டிவியை அணைத்துவிட்டு, காய் நறுக்கும் கத்தியோடு ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சங்கத் தலைவர் சம்பந்தம் குறுக்கே வந்தார். "யக்கா, இது நம்ம தலைவர் பேனரு. கிழிச்சா பேஜாராயிடும்."

"உன் தலைவர நீயே வெச்சிக்க. என் வூட்டுக்காரர எனக்குக் குடு. அவரு யாருக்கும் அழ வாணாம்."

சம்பந்தம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, சவுரிமுத்துவைச் சதுரமாக அறுத்து எடுத்தாள்.

வீட்டில் ஆணியடித்து மாட்டிய பிறகுதான் கவனித்தாள். அவர் தலைக்கு மேலே நடிகரின் பட்டு வேட்டிக் கரை கொஞ்சம் கூடவே வந்திருந்தது. அதை வெட்டினால் புருஷனின் முடியும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு போய் மல்லிகைச் சரம் வாங்கிவந்து, கரை தெரியாதபடி தொங்கவிட்டாள்.

சரம் வாடிச் சுருங்கினால் கரை எட்டிப்பார்க்கும். அதனாலேயே, சாவன்று ஒரு புது மாலைக்குக் கூட வழியில்லாத சவுரிமுத்துவுக்கு இப்போது தினமும் புதுப்பூ.