நோன்பு நேரத்தில் நீட்டிய குச்சி ஐஸ்

கார்ட்டூன் படத்தில் பார்த்தது போலவே வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால், தர்பூசணிச் சாற்றில் மாம்பழத் துண்டுகள் போட்டுக் குச்சி ஐஸ் செய்தேன். அச்சு அசலாக வந்துவிட்டது. அந்தப் பெருமையில், மூன்று மணி வெயிலில், வேலிக்கு அப்பால் நின்ற மலாய்க்கார வீட்டுச் சிறுமிக்கும் ஒன்று நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கியவள் வாயில் வைக்கவில்லை.

“மக்கான்லா, சாப்பிடு, உருகிடும்!” என்று அவசரப்படுத்தினேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஐயோ அம்மா, அவ புவாசா இருக்கா! இந்த வருஷம்தான் முதல் நோன்பு.”

பத்து வருடமாகப் பக்கத்து வீடு. பெருநாள் தவறாமல் அவர்கள் வீட்டுப் பலகாரத்தைத் தின்கிறேன். நோன்பு மாதம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. என்ன பிறவியோ நான்!

அந்தப் பிள்ளை, மணிக்கட்டில் வழிந்த சாற்றை நக்காமல் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “தெரிமா காசி, ஆன்ட்டி” என்று எனக்கு நன்றி வேறு சொன்னது.