பின்சக்கரத்து ரீசோல்

விபத்தில் நசுங்கிய வண்டிகளை இழுத்து வரும் பிக்கப்புகள் இரண்டு எங்கள் ஷெட்டில் இருந்தன. பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஜோகுபாளையத்துக்குள் திரும்பினால் அந்த ஷெட். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் மெயின்டெனன்ஸ் பார்க்க அங்கே சேர்ந்தேன். பிரேக், கிளட்ச், கொக்கி, சங்கிலி, டயர் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் காலை டீ. முதல் நான்கிலும் எனக்குப் புகார் இல்லை.

பெரிய பிக்கப்பை ஓட்டியவர் ஆனேக்கல்காரர், பல வருடம் லாரியில் இருந்தவர். சின்னதை அவருடைய மச்சான் ஓட்டினான், மனைவியின் தம்பி. அவனைக் கொண்டுவந்து சேர்த்ததும் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இருவரும் நல்ல டயரை முன்னால்தான் மாட்டுவார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு போகும், ஆள் பிழைக்க மாட்டான் என்பது லாரிக்காரர்கள் கணக்கு. பின்னால் எப்போதும் ரீசோல்: தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டியது.

இழுக்கிற வண்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கொக்கியில் ஒரு காரின் மூக்கைத் தூக்கினால் பாரமெல்லாம் பின் அச்சில் உட்காரும், முன்பக்கம் லேசாகிவிடும். பின் டயர் அமுங்கித் தெரியக் கூடாது என்று அளவுக்கு மேல் காற்றும் அடிப்பார்கள். அதனால் பட்டன் என்று நாங்கள் சொல்லும், ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடுகள் நடுவில் மழமழவென்று தேய்ந்து, ஓரத்தில் மட்டும் மிச்சம் இருக்கும்.

“புதுச பின்னாடி போடணும் சார். நல்ல லோடு டயரா, கட்டை பட்டன் வெச்சது. இல்லன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துடுவாங்க” என்றேன் முதலாளியிடம்.

“காலங்காத்தால வாய வெச்சிட்டியா? ஷெட்ல குந்திகினு சொல்ற. லோடோட என்னிக்காவது பாத்துகிறியா நீ?”

டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நான் செத்தா என் பொண்டாட்டி உங்களுக்கு ஸ்வீட் குடுப்பா மேடம். உடுங்க.”

லோடோடு பார்ப்பதற்காக மறுநாள் காலை அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ஓசூர் ரோட்டில், சந்தாபுரம் தாண்டி ஒரு வேன் மரத்தில் மோதி முகம் இழந்து நின்றது. யார் கொக்கி முதலில் மாட்டுகிறதோ அவர்களுக்குத்தான் வண்டி. எல்லா இழுவைக்காரர்களும் ஒப்புக்கொண்ட ஒரே சட்டம் அது. வேறொரு ஷெட்டின் ஆள் எங்களுக்கு முன்பே வந்து சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எங்கள் டிரைவர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி அவன் இடுப்பில் உதைத்தார். அவன் விழுந்தபடியே சங்கிலியை வீசினான். அது அவர் காதைக் கிழித்தது. அவர் அவன் தலைமுடியைப் பிடித்து வேனின் கதவில் மோதினார், அவன் கால் மடங்கி உட்காரும்வரை மோதினார். பிறகு நிதானமாக எங்கள் கொக்கியை மாட்டினார்.

“டயர நோட் பண்ணிக்கினீங்களா மேடம்?” காதிலிருந்து ரத்தம் காலருக்குள் இறங்கியது.

பார்த்திருந்தேன். வலது பின் டயரில் பட்டையின் ஓரம் உடம்பிலிருந்து விலகி நின்றது. விரல் நகம் உள்ளே போயிற்று.

“இதோட போக வேணாம்ணா. ஸ்டெப்னிய மாட்டலாம்.”

“இவன் ஆளுங்க வந்துனே இருப்பானுங்க. ஜாக் வெச்சிகினு இருந்தா இங்கயே பொதச்சிட்டுப் போவானுங்க. குந்துங்க.”

கிளம்பினோம். ஸ்டியரிங் அவர் கையில் காற்றில் ஆடுவதுபோல ஆடியது. “மெதுவா போங்கண்ணா” என்றேன். அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று தூரத்தில் பின்னாலிருந்து படார் படார் என்று அடி விழ ஆரம்பித்தது.

“கல்லு உடறானுங்க, பாத்தீங்களா!” ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

“கல் இல்ல! பட்டை கிழியுது, நிறுத்துங்க!”

உரிந்த ரப்பர் சாட்டைபோல மட்கார்டை அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது பகையாளியின் கல்லாகவே கேட்டது. வேகம் கூடக் கூட அடியும் கூடியது, அடி கூடக் கூட அவர் மிதித்தார். டயர் வெடித்தது. பிக்கப்பின் பின்பாகம் தூக்கி எறியப்பட்டது. கொக்கியில் தொங்கிய வேன் வீசி வந்து, ரோட்டோரம் நின்ற கரும்பு ஜூஸ் வண்டியை ஜூஸ்காரரோடு சேர்த்துச் சுவரில் நசுக்கியது. அவருடைய ஒரு கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த மாதிரி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. “ஹொடீரி அவன்ன!” அவனை அடியுங்கள் என்று ஒருவர் கத்தினார். கதவைத் திறந்து டிரைவரை முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஜூஸ் வண்டியிலிருந்து சிதறிக் கிடந்த கரும்புகளே அவர்கள் கைக்கு வந்தன. ஒன்று முதுகில் முறிந்தால் அடுத்ததை எடுத்தார்கள். நான் அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, “டயர் கித்து ஹோய்த்து ரீ, டயர்!” என்று, டயர் பிய்ந்துபோனதை எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். யாருடைய முழங்கையோ என் வாயில் இறங்கி உதட்டைப் பிளந்தது. கரும்பு தீர்ந்தபின் இரும்புக் குழாய் ஒன்று வந்தது. அவர் தலையை மறைக்கத் தூக்கிய கையில் அது விழுந்து, எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. போலீஸ் வந்தபோதுதான் நிறுத்தினார்கள்.

ஜூஸ்காரரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் முதலாளி, “டிரைவர் ஸ்பீடு சார், வண்டி கண்டிஷன்ல இருக்கு” என்றார். நான் வேகம் உண்மை, டயரும் உண்மை என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் முதலாளி என் கையை முறுக்கி, “உன்ன யாரு கூடப் போவச் சொன்னா?” என்றார். லோடோடு பார்த்திருக்கிறாயா என்று அவர்தான் கேட்டார் என்பதை நினைவுபடுத்தினேன்.

அடுத்த வாரம் ஷெட்டுக்கு மறுபடி ஒரு கட்டு ரீசோல் வந்து இறங்கியது. சின்ன பிக்கப்பை ஜாக்கில் ஏற்றி, பின்சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தான் மச்சான். ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு வேன் கவிழ்ந்து கிடப்பதாகப் போன் வந்திருந்தது. முதலாளி அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அதே வேலைக்கு, அதே ரோட்டுக்கு, அதே மாதிரி டயரில் இவன் போகப் போகிறான். வேண்டாம் என்று நான் சொன்னதை இருவரும் காதில் வாங்கவில்லை.

அப்போது, ஜாமீனில் வெளியே வந்திருந்த டிரைவர் உள்ளே வந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு. இன்னொரு கையில் கறி வெட்டும் கத்தி.

“இன்னாடா மாட்ற?”

“முன்னாடி புதுசுதான மாமா. பின்னாடி எது இருந்தா இன்னா? நீதான சொல்லுவ.”

கத்தியைப் பிடித்த புறங்கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் தடுமாறி மட்கார்டில் சாய்ந்தான். “நான் சொன்னதுதான்டா அது. என் வாயில செருப்பால அடி.”

பிறகு மண்டியிட்டு ரீசோல் ஒன்றின் மேல் கத்தியைப் பாய்ச்சினார். கத்தி பட்டனில் பட்டு வழுக்கியது. மறுபடி குத்தினார். தடித்த ரப்பர் அசையவில்லை. முறிந்த கை ஆட, வலியில் முனகினார்.

“அங்க இறங்காதுண்ணா” என்றேன். “சைடுல குத்துங்க. சைடு மெலிசு.” டயரை நிமிர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கத்தி பிடிவரை இறங்கியது. அவர் இழுத்து அறுத்தார். முதலாளி கெட்ட வார்த்தை சொல்லி வீல் ஸ்பேனரை வீசினார். அது என் தோளில் விழுந்தது. கை மரத்துப்போனாலும் டயரை விடவில்லை. மறுபடி வீச முதலாளி ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது மச்சான் அவர் கழுத்தைப் பிடித்துப் பானெட்டில் அழுத்தினான். கன்னத்தில் மாமா அடித்த தடம் இன்னும் சிவந்திருந்தது.

“நாளைக்கே வேற எறக்குவேன்டா!” தகரத்தில் ஒட்டிய வாயோடு முதலாளி கத்தினார்.

“எறக்கு” என்றார் டிரைவர். நெற்றி வியர்வையை மாவுக்கட்டில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மேடம், அடுத்தத உருட்டுங்க.”

உருட்டினேன்.