வாண்டாவின் விக்கல்

ஸ்க்ராண்டன் நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி நூலகத்துக்கு அந்த யந்திரம் வந்து இறங்கியது எழுபத்து நான்கில். பார்க்கத் தட்டச்சு யந்திரம் மாதிரி இருக்கும். டெலிபோனைச் சுழற்றி, ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தால், வாஷிங்டன் பக்கத்திலிருக்கும் பெரிய கம்ப்யூட்டர் மறுமுனையில் கீச்சிடும். உலகத்து மருத்துவக் கட்டுரைகளின் விவரமெல்லாம் அதற்குள் இருந்தது. சரியான சொல்லைக் கொடுத்தால் கடகடவென்று காகிதத்தில் அடித்துத் தள்ளும்.

அதுவரை நானும், என்னோடு நூலகத்தில் வேலை பார்த்த வாண்டா காவ்லிக் என்பவளும் தலையணைத் தடிமனான அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தும்மிக்கொண்டிருந்தோம். முதல் காகிதம் தரையைத் தொட்டதும் வாண்டா என் இரண்டு கையையும் பிடித்து, அலமாரிகளுக்கு நடுவே போல்கா நடனம் ஆடினாள்.

எக்ஸ்ரே பிரிவு கிளெம் ஹாட்லி வாரம் தவறாமல் வருவான்.

"தேனீ வளர்க்கிறவங்களுக்கு முழங்கால் வலி வராதாமே, பாருங்களேன்."

அடுத்த வாரம் டிராம்போன் ஊதுபவர்களின் உதடு. பிறகு பனியில் வழுக்கி விழும் பாதிரியார்கள். வாண்டா எல்லாவற்றையும் சிரத்தையாகத் தேடுவாள்.

"பாவம், எவ்வளவு அறிவுத் தாகம்!"

"தாகம்தான். ஆனா அறிவுக்கு இல்ல," என்பேன். அவளுக்கு உறைக்காது.

ஒரு வியாழக்கிழமை டோனட் தின்ற வாண்டாவுக்கு விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தாள், மூச்சை அடக்கினாள். வெள்ளிக்கிழமையும் விடவில்லை. அறுவைசிகிச்சை டாக்டர் ஃபெராரோ வாசலில் நின்று பார்த்தார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்கிற, உனக்குத் தேடமாட்டியா?"

வாண்டா உட்கார்ந்தாள். நடுவில் ஒரு விக்கல் வந்து விரல் தவற, அப்படியொரு சொல்லே கிடையாது என்றது யந்திரம். மறுபடி அடித்தாள். பூனைகளின் விக்கலாக வந்து கொட்டியது.

"'மனிதர்கள்'னு சேர்க்க மற... ஹிக்... மறந்துட்டேன்!"

சேர்த்ததும் சரியானவை வந்தன. நான் ஓடிப்போய் அந்த இதழ்களை அள்ளி வந்தேன். ஒரு டாக்டர் நாக்கைப் பிடித்து இழுக்கச் சொல்லியிருந்தார், இன்னொருவர் ஒரு ஸ்பூன் சர்க்கரையை அப்படியே விழுங்கச் சொன்னார், மூன்றாமவர் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். ஃபெராரோ நாக்கை இழுத்துப் பார்த்தார், பலனில்லை. ஒரு நர்ஸ் பின்னால் வந்து காகிதப்பையை ஊதி 'டப்'பென்று உடைத்தாள். நான் அலறினேன், டாக்டரின் காபி கோட்டில் கொட்டியது, வாண்டா விக்கினாள்.

அப்போதுதான் கிளெம் உள்ளே வந்தான். விஷயத்தைச் சொன்னோம்.

"அதிர்ச்சிதானே குடுக்கணும்?" அவன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "வாண்டா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

வாண்டா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"இது வைத்தியமா... ஹிக்... நெசமா?"

"நெசம். தேனீ, டிராம்போன் எல்லாந்தான் பொய்."

"அப்போ அந்தப் பாதிரியாருங்க?"

"அவங்களும்."

"அடப்பாவி! அதுக்கு நான் எவ்வளவு தேடினேன் தெரியுமா!" விக்கலும் சிரிப்புமாக மேஜையைத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சரி... ஹிக்... சரி!"

ஃபெராரோ கைதட்டினார், நர்ஸ் கிளெம்மைக் கட்டிக்கொண்டாள். விக்கல் மட்டும் அசையவில்லை. கடைசியில் காபி மேஜையிலிருந்த சர்க்கரையை ஒரு ஸ்பூன் அள்ளி நான்தான் அவள் வாயில் போட்டேன். சட்டென்று நின்றது.

"மாப்பிள்ளையை விட சர்க்கரைக்கு மவுசு அதிகம்," என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் டாக்டர், சர்க்கரை எக்ஸ்ரே எடுக்காது," என்றான் கிளெம்.

ஜூனில் மாதா கோயில் கூடத்தில் கல்யாணம். பியெரோகிக் கொழுக்கட்டை தட்டுத் தட்டாக வந்தது, அக்கார்டியன் வாசித்தவர் களைத்துப்போகும்வரை ஆடினோம். அவர்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பிற்பாடு வார்டுக்கு வார்டு கம்ப்யூட்டர் வந்தபோது, தேடுவது எப்படியென்று டாக்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாண்டாதான் பழக்கினாள்.

அவள் ஓய்வு பெறும் அன்று கேக்கைச் சுற்றி நாங்கள் நிற்க, குழந்தைகள் வார்டிலிருந்து ஏதோ தேடித் தரச் சொல்லி போன் வந்தது. கத்தியை என் கையில் திணித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவசரப்படாம முதல்லேர்ந்து சொல்லும்மா. குழந்தைக்கு என்ன வயசு?"

நாங்கள் கேக்கை வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தோம்.