பதினாலு ஊசியும் ஒரு அம்பாவும்

போன கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். பஞ்சில் ஊற்றிய ஸ்பிரிட்டின் வாசம் மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அம்மைப்பால் குத்த வந்த அன்றைக்கு யன்னலால் குதித்து ஓடியவன் நான். என் படிப்பு அந்த யன்னலோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கட்டுக்கரையில் வாய்க்கால் வெட்டி, நானாட்டான் வயல்களில் நெல்லுச் சூடடித்து, ஓரிடத்திலும் கால் தரிக்காமல் திரிந்த காலத்தில், முள்ளிக்குளத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை மருந்தகத்தில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். கண்ணாடிச் சிரிஞ்சியை அவிக்க வேண்டும், தரை கழுவ வேண்டும், ஊசிக்கு வரும் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதுதான் பெரிய வேலை. காலில் இருவர், கையில் இருவர். ஆமையைப் போல மல்லாத்தி அமுக்குவோம். தாய்மாரும் சும்மா இருப்பதில்லை. சோறு தின்னாத பிள்ளைக்கு, "பார், ஊசிக்காரன் வாறான்" என்று என்னைக் காட்டுவார்கள். நான் ஒழுங்கையில் நடந்தால் பிள்ளைகள் வேலிக்குள் பதுங்கும்.

அங்கேதான் றீற்றாவை விசர்நாய் கடித்தது. ஏழு வயது. தகப்பன் மரியதாஸ் கரைவலைக்கு அம்பா எடுப்பவர். வலை இழுக்கும்போது அவர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள் "ஏலேலோ" என்று குரல் கொடுத்து ஒரே மூச்சில் இழுப்பார்கள். அதுதான் அம்பா.

நாய்க்கடிக்கு அப்போது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. இடையில் விட்டு, விசர் ஏறிவிட்டால் பிறகு சவப்பெட்டிதான். மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்து ஊசி போடும் அப்போதிக்கரி ஐயா இதைத் தகப்பனிடம் இரண்டு தரம் சொன்னார். நான் பிள்ளையிடம் சொன்னது வேறு.

"நோகாது பிள்ளை, எறும்பு கடிச்ச மாதிரி. இண்டைக்கு மட்டும்தான்."

ஊசி ஏறியபோது அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் அவளைக் காணவில்லை. ஊரே தேடி, மத்தியானம் கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் கீழே கண்டுபிடித்தோம். வள்ளத்தைத் தூக்க மரியதாஸ் ஆட்களைக் கூப்பிட்டார். நான் மறித்தேன். இன்றைக்கு இழுத்துப் போகலாம். மிச்சப் பன்னிரண்டு நாளும் என்ன செய்வது? சுடுமணலில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன்.

"பொய்க்காரன்" என்றது உள்ளிருந்து குரல்.

"ஓம், பொய்தான் சொன்னனான். நோகும். நல்லாய் நோகும்."

"இன்னும் எத்தினை?"

"பதின்மூண்டு."

அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் நோகும்?"

"கொப்பர் அம்பாவில ரெண்டு அடி எடுக்கிற நேரம்."

"அப்ப நான்தான் எடுப்பன். நீங்கள் ஏலேலோ சொல்லேக்கதான் குத்தவேணும். ஒருத்தரும் என்னைப் பிடிக்கக்கூடாது. அந்தோனியாராணை சொல்லுங்கோ."

சொன்னேன். மருந்தகத்தில் இதைக் கேட்ட அப்போதிக்கரி ஐயாவுக்குக் கோபம் வந்தது.

"இது மருந்தகமோ, கரைவலைத் துறையோ? பிள்ளை துள்ளி ஊசி முறிஞ்சால் ஆர் பொறுப்பு, நீயோ?"

"ஓம் ஐயா, நான்தான்."

அதுவரை நான் எதற்கும் பொறுப்பேற்றவனில்லை. வாய் சொல்லிவிட்டது.

அவள் தகப்பனின் மடியில் ஏறி இருந்து, சட்டையைத் தானே தூக்கிப் பிடித்தாள்.

"பொய்க்கார அண்ணைக்கு..."

"ஏலேலோ!"

"வயித்தில ஊசி..."

"ஏலேலோ!" அவளும் சேர்ந்து கத்தினாள். மூச்சு வெளியே போக வயிறு இளகியது, ஊசி இறங்கியது. அழுதாள், நன்றாகவே அழுதாள். ஆனால் ஓடவில்லை. என் மானம்தான் வெளியிலிருந்த நோயாளர் முன்னால் போயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் என்னைப் பற்றிப் புதிது புதிதாக அடி கட்டிக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் ஐயா அவசரப்பட்டார். "ஐயா, நான் இன்னும் எடுக்கேல்லை!" என்று ஒரு சத்தம் போட்டாள். மனிதர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். வயிறெல்லாம் கட்டிகட்டியாக வீங்கிக் கிடந்தது. "இண்டைக்கு ஏலாது" என்று தகப்பனின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ஐயா என்னைப் பார்த்தார். நான் அவளைத் தொடவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தோம். மரியதாஸ் பொறுக்க முடியாமல் தானே அம்பா எடுக்க வாயைத் திறந்தார். அவள் அவருடைய வாயைக் கையால் பொத்தினாள்.

"நான்தான்."

மெல்ல, காற்றுப் போல எடுத்தாள். நாங்களும் மெல்லவே "ஏலேலோ" சொன்னோம். ஊசி உள்ளே போயிற்று.

பதினாலாம் நாள் எல்லாரையும்விட உரக்கக் குரல் கொடுத்தவர் அப்போதிக்கரி ஐயாதான்.

வழக்கம்போல அந்த வேலையையும் விட்டுவிட்டுப் போனேன். மறுவருடம் அந்தக் கரையால் வந்தபோது, கரைவலைக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏலேலோ" உரக்கச் சொல்லவில்லை என்று றீற்றா பெரியவர்களை ஏசிக்கொண்டு நின்றாள். அவள் பிழைத்துவிட்டாள் என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி இப்போது இல்லை. கையில் சில ஊசியோடு முடிகிறது. நல்லது, தொலையட்டும். போர்க்கால இடப்பெயர்வில் அந்த ஊர் சிதறியது. றீற்றா எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியாது. மருந்தகத்தின் சுவர் மட்டும் நிற்கிறது. கரைவலையை இப்போது ட்ரக்டர் இழுக்கிறது. அது எவருடைய குரலுக்கும் காத்து நிற்பதில்லை.