கல்யாணம் ஆகாதவளுக்குத் தண்ணீர் கொதிக்காதா?

தர்ராவில் என்ற ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மற்றப் பெண்கள் கூடி அவளுக்குக் 'கிச்சன் டீ' என்று ஒரு விருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு சமையல் சாமான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிரீம் கேக் தின்பார்கள். நடுவே ஒரு விளையாட்டும் உண்டு. ஒருத்தியை நிறுத்தி வைத்து, கழிப்பறைக் காகிதச் சுருளை அவள் உடம்பில் சுற்றிச் சுற்றிக் கல்யாண உடுப்பு செய்வார்கள். மற்ற ஊர்களில் யார் வேண்டுமானாலும் நிற்பார்கள். தர்ராவிலில் கிளெனிஸ் ஆர்ம்ஸ்பி மட்டும்தான் நிற்பாள். எவளுக்குக் கல்யாணமானாலும் காகிதம் கிளெனிஸுக்குத்தான்.

"உன்ன மாதிரி ஆடாம அசையாம நிக்க யாரால முடியும், கிளென்?" என்பாள் ஷார்லீன். அவள் கிளெனிஸின் அண்ணன் மனைவி.

பச்சைப் பொய். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஒருத்தியை மணப்பெண் போல ஜோடித்துப் பார்ப்பதில் அந்த ஊருக்கு ஒரு குஷி. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் அவள் அசையாமல் நிற்பதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஊர்ப் பெண்கள் ஆடும் நெட்பால் பந்தாட்டக் குழுவின் தலைவி கெர்ரி, முதல் புருஷனைத் துரத்திவிட்டு இரண்டாவது கல்யாணத்துக்குத் தயாரானாளே, அந்தக் கிச்சன் டீயிலும் இதே கூத்துதான். கழுத்துவரை காகிதம் சுற்றி, தலையில் ஒரு கொத்தும் செருகினார்கள்.

"கண்ணாடியில பாத்துக்கடி கிளென்! இந்த வேஷம் இனி எப்பக் கிடைக்குமோ!" என்றாள் கெர்ரி.

"ஏன், அடுத்த கிச்சன் டீயில கிடைக்கும்!" என்று ஷார்லீன் எடுத்துக் கொடுத்தாள்.

கூடமே சிரித்தது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கிளெனிஸ் சிரித்தாள். அவளுக்கு எப்போதுமே சிரிப்பு தாமதமாகத்தான் வரும். அதற்கும் ஒருமுறை சிரித்தார்கள். படம் எடுத்ததும் எல்லோரும் கேக் மேசைக்குப் போய்விட்டார்கள். அவள் தனியாகக் கழிப்பறைக்குப் போய் காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு வந்தாள். வந்தபோது கேக்கில் ஓரத்துண்டுதான் மிச்சம் இருந்தது.

அன்றைக்கு அவள் கெர்ரிக்குக் கொடுத்தது மாவு கலக்கும் மிக்சர். முதல் கல்யாணத்துக்கும் மிக்சர்தான் கொடுத்திருந்தாள். அதை முதல் புருஷன் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். கெர்ரி கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

கிளெனிஸ் என்ன குற்றம் செய்தாள்? ஆறடி உயரம். பாதம் பெரியது, ஆண்கள் பூட்ஸ்தான் சேரும். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து இறைச்சிக் கடையில் வேலை. வெட்டும்போது இறைச்சியோடு பேசுவாள்: "இரு கண்ணு, இந்த எலும்ப மட்டும் எடுத்துர்றேன்." தர்ராவில் ஊர்ப் பெண்களுக்குச் சிநேகிதம், சண்டை, சம்பந்தம் எல்லாமே நெட்பால் களத்தில்தான். கிளெனிஸோ பந்து வந்தால் குனிந்துகொள்வாள். போதாதா? ஊர் அவளைக் கிள்ளுக்கீரை ஆக்கிவிட்டது.

அவளுக்குக் கல்யாண ஆசை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிறையவே இருந்தது. சனிக்கிழமை காலையில் பெண்கள் கடைக்கு வந்து, "எங்களுக்கு ஒரு ஆட்டுத்தொட குடு கிளென்", "எங்களுக்கு ஆறு சாப்ஸ் போதும்" என்பார்கள். அந்த 'எங்களுக்கு' என்ற சொல் அவளைப் படுத்தியது. கடை சாத்தும்போது தனக்கென்று ஒரே ஒரு சாப், எலும்போடு வெட்டிய ஒற்றை இறைச்சித் துண்டு, எடுத்துக் காகிதத்தில் மடிப்பாள். ஒற்றைத் துண்டை மடிப்பது கஷ்டம், காகிதம் எப்போதும் பெரிதாகிவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய தண்ணீர் காய்ச்சும் கெட்டில் எரிந்து போனது. பழைய சாமான், புகை கிளப்பிவிட்டு அடங்கியது. புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனவள் அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஷார்லீன் வீட்டு வாணலி அவள் கொடுத்தது. கெர்ரி வீட்டு மிக்சர் அவள் கொடுத்தது. ஊரில் எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் அவள் வாங்கிக் கொடுத்தது ஒன்று இருக்கும். அவள் சமையலறையில்தான் யாரும் கொடுத்த ஒரு கரண்டிகூட இல்லை. ஏன்? கல்யாணம் ஆகாதவளுக்குத் தண்ணீர் கொதிக்காதா? அவள் முட்டை வேகாதா? யாரைக் கேட்டு இப்படி ஒரு சட்டம் போட்டார்கள்?

கெட்டில் வாங்காமலே வெளியே வந்தாள். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினாள். 'கிளெனிஸ் ஆர்ம்ஸ்பியின் கிச்சன் டீ. சனிக்கிழமை மதியம், ஊர்க்கூடத்தில். ஆளுக்கொரு தட்டு தின்பண்டம் கொண்டு வரவும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. கல்யாணம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. கிச்சன் டீ என்றால் மாப்பிள்ளை இருந்தே ஆகவேண்டும் என்பது தர்ராவிலுக்கு வேதவாக்கு. தாளில் மாப்பிள்ளை பெயர் இல்லையா, சரி, நாமே பிடித்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். ரெண்டே நாளில் ஆளும் சிக்கிவிட்டான். கோதுமைக் கிடங்கில் லாரி எடை போடும் மெர்வ், நாற்பத்தைந்து வயதுப் பிரம்மச்சாரி. வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து சாசேஜ் வாங்குவான். கிளெனிஸ் அவன் நாய்க்கென்று ஒரு எலும்பு சேர்த்துப் போடுவாள். ஒரு எலும்பு போதாதா, ஊர் அதை வைத்தே கல்யாணச் சாப்பாடு சமைத்துவிட்டது.

பேச்சு கிளெனிஸின் காதுக்கும் வந்தது. அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "மெர்வ் நல்ல மனுஷன்டி கிளென்" என்று ஒரு கிழவி கையைத் தட்டிக் கொடுத்தபோது, "ஆமா, நல்லவருதான்" என்று மட்டும் சொன்னாள். அவள் பெயரையும் ஒரு ஆணின் பெயரையும் சேர்த்து ஊர் சொன்னது அதுதான் முதல் தடவை. காதுக்கு இனிப்பாக இருந்தது. அன்றிரவு இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தாள். இதற்காக அவளைக் குறை சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை ஊர்க்கூடம் நிரம்பி வழிந்தது. பாசம் கொண்டா வந்தார்கள்? வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆனாலும் முறை முறைதான், யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மேசையில் சாமான்கள் குவிந்தன. ஷார்லீன் பளபளவென்று ஒரு கெட்டில் கொண்டுவந்திருந்தாள். கிளெனிஸ் அதை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கேக் வெட்டும் முன்பே கதவு திறந்தது. மெர்வ். கிச்சன் டீக்கு ஆண்கள் வருகிற வழக்கமே கிடையாது. சலவைச் சட்டை, கையில் தொப்பி. கிளெனிஸ் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இங்க பாரு கிளெனிஸ்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் உனக்கு எந்த வாக்கும் குடுக்கல. பப்ல தல காட்ட முடியல, எல்லாரும் பீரத் தூக்கித் தூக்கி வாழ்த்துறானுங்க. போயும் போயும் இறைச்சிக்கட கிளெனிஸான்னு சிரிக்கிறானுங்க. அது நான் இல்லன்னு நீயே இவங்ககிட்ட சொல்லிடு. எலும்பு வாங்கினேன், அவ்வளவுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளெனிஸின் முகம் வெளுத்துப் போயிற்று. இந்த முறை தாமதிக்காமல், எல்லோருக்கும் முன்னால் அவளே பேசினாள்.

"எலும்பு நாய்க்குத்தான் குடுத்தேன், மெர்வ். உனக்குக் குடுக்கல. உன் பேர நான் எங்கயும் சொல்லவுமில்ல. வெளிய போறப்பக் கதவச் சாத்திட்டுப் போ, குளிருது."

அவன் போய்விட்டான். ஷார்லீன் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப மாப்பிள்ள யாரு?"

"மாப்பிள்ள இல்ல."

"இல்லன்னா? பின்ன எதுக்குடி இந்தக் கூத்து?"

"கெட்டில் எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சா கடையில போய் வாங்கு! ஊரையே ஏமாத்திட்டியே! வெக்கமா இல்ல?"

"நான் யாரையும் ஏமாத்தல. கல்யாணம்னு எங்க எழுதினேன்? நீங்களா நெனச்சீங்க, நீங்களா ஆளையும் பிடிச்சீங்க." கிளெனிஸ் அதோடு நிறுத்தவில்லை. "கெர்ரிக்கு ரெண்டு தடவ குடுத்தேன். உனக்குக் குடுத்தேன். உங்க எல்லாருக்கும் ஒரு புருஷன் கிடைச்சதுக்குக் குடுத்தேன். எனக்குக் கிடைக்கலன்னா நான் பச்சத் தண்ணி குடிக்கணுமா? ஆச இல்லாமயா இருக்கேன்? 'எங்களுக்கு ரெண்டு சாப்ஸ்'னு ஒரு தடவையாவது வாயால சொல்லணும்னு எவ்வளவு ஆச தெரியுமா? அதத்தான் பேப்பர் சுத்திச் சுத்தி நீங்க சிரிச்சீங்க. இனிமே அதுக்கு நான் நிக்க மாட்டேன்."

கெர்ரி எழுந்து போய்த் தான் கொண்டுவந்த சல்லடையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஏமாத்தி வாங்கினது செல்லாது" என்றாள். ரெண்டு மிக்சரை விழுங்கியவள் இதைச் சொன்னாள், பாருங்கள்! ஒருத்தி தொடங்கினால் போதாதா, வரிசையாக வந்து அவரவர் சாமானை எடுத்துக்கொண்டார்கள். ஷார்லீன் கெட்டிலோடு ஒயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கொண்டுவந்த கேக்குகளையும் விடவில்லை. கிளெனிஸ் நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள், கூடத்தைப் பெருக்கினாள், வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தேநீர் போட்டுக் குடித்தாள். அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. வசந்தம் வரைக்கும் அவளைத்தான் பேசினார்கள். பேசி அலுத்த நேரத்தில் நெட்பால் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஷார்லீன் கடைக்கு வந்தாள்.

"பழசெல்லாம் மறந்துடு கிளென். சனிக்கிழம கிச்சன் டீ. நீ வந்து நின்னாத்தான் விளையாட்டு களகட்டும்."

"சனிக்கிழம எனக்கு வேற சோலி இருக்கு."

"உனக்கா? என்ன சோலி?"

"பக்கத்து ஊர்ல டான்ஸ். துணி எடுத்துத் தச்சு வச்சிருக்கேன்."

"யாருகூடப் போற?"

"என் கால் ரெண்டோட."

அந்தச் சனிக்கிழமை தர்ராவிலில் காகிதம் சுற்ற நிற்க ஆள் இல்லை. கெர்ரி மாட்டேன் என்றாள், மற்றவர்கள் கேக் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். கடைசியில், "நீதான் நல்லா அசையாம நிப்ப, ஷார்லீன்" என்று சொல்லி அவளையே தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஷார்லீன் கடைக்கு வந்தபோது வேறு யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இறைச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டான்ஸ்ல யாராவது ஆடக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பாட்டுக்கு ஒருத்தர் வந்தாரு. மத்த பாட்டுக்கெல்லாம் நானே ஆடினேன்."

ஷார்லீன் தலையாட்டினாள். போகவும் இல்லை, வாங்கவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "போட்டோ எடுத்ததும் எல்லாரும் கேக்குக்குப் போயிட்டாங்க கிளென்" என்றாள். "கழுத்துவரைக்கும் சுத்தி விட்டுட்டு அப்படியே போயிட்டாங்க. உரிச்சு விட ஒருத்தியும் வரல."

கிளெனிஸ் கத்தியைத் துடைத்தாள்.

"வரமாட்டாங்க" என்றாள். "சொல்லு, உங்களுக்கு எத்தன சாப்ஸ்?"