ரெண்டாவது சாவி

"சார்… ரெண்டாவது சாவி?"

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். அவினாசி ரோட்டில் ஒரு கார் ஷோரூம். கேட்டவர் நந்தினி. எங்கள் வண்டி விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொண்ட சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ், மேட்டுப்பாளையத்துப் பெண். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சாவி விஷயத்தில் மட்டும் சிரிப்பைக் காணோம்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியாக வேண்டும் என்பது என் மனைவி சாந்தாமணியின் உத்தரவு. பழைய வண்டியை இரண்டு சாவியோடு ஒப்படைத்தால்தான் புது வண்டி கைக்கு வரும் என்பது ஷோரூமின் உத்தரவு. இரண்டுக்கும் நடுவில் நான். என் சட்டைப் பையில் ஒரே ஒரு சாவி!

இருங்கள்… முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பழைய காரைப் பற்றி இந்த வாராந்திரப் பத்தியில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். வெள்ளி நிற ஜெர்மன் செடான். கணபதியில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் செய்கிற சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற எனக்கு, முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வந்த வருஷம் வாங்கியது. பதினாலு வருஷம் ஆகிறது. வாங்கின புதிதில் கல்யாண மண்டபத்து வாசலில் போய் இறங்கினால், யாராவது ஓடிவந்து முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். கார் பழசாகப் பழசாக நாற்காலியும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது ஒருவிதத்தில் வசதிதான், வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரின் சன்ரூஃப் திறந்தால் மூடாது. மூடினால் திறக்காது. ஒரு சின்ன சென்சார் போனால் கடல் தாண்டி வரவேண்டும். அதுவரைக்கும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நானும் தீபாராதனை மாதிரி அதைக் கும்பிட்டுக்கொண்டே போவேன்.

இந்தக் காருக்கு ஆரம்பத்திலிருந்து ஒரே டிரைவர். திருமூர்த்தி. உடுமலைப்பேட்டைப் பக்கம் கிராமம். ஊரில் கொஞ்சம் பூமி, நாலைந்து மாடு. கார் எங்கள் வீட்டுக்கு வந்த அதே வாரம் வேலைக்கு வந்தவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். என்னை 'அண்ணா' என்பார், சாந்தாமணியை 'அக்கா' என்பார், காரை மட்டும் 'கண்ணு' என்பார்.

ஒரு தடவை உடுமலையில் கல்யாணம். பொள்ளாச்சியைத் தாண்டி, ஊரை நெருங்குகிற நேரத்தில் கார் நின்றுவிட்டது. சுற்றிலும் தென்னந்தோப்பு. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஜெர்மன் தொழில்நுட்பம் ஒரு விளக்கைக்கூட எரியவிடவில்லை. திருமூர்த்தி இறங்கி நடந்தார். பத்து நிமிஷத்தில் தேங்காய் மட்டை ஏற்றிய ஒரு டிராக்டரோடு வந்தார். கூடவே ஒரு நைலான் கயிறு, பச்சை நிறம், என் கட்டைவிரல் தடிமன்.

அந்தக் கயிற்றில் காரைக் கட்டி டிராக்டர் இழுக்க, பட்டுச்சேலையில் சாந்தாமணியும் பட்டு வேட்டியில் நானும் கம்பீரமாக மண்டபத்து வாசலில் போய் இறங்கினோம். மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள். டிராக்டர்காரரிடம் பேசி அந்தக் கயிற்றைத் திருமூர்த்தி வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது எங்கள் டிக்கியிலேயே குடியிருந்தது.

சரி, எத்தனை நாளைக்குத்தான் கயிற்றை நம்பி ஓட்டுவது? ஆடிட்டர் ஒரு யோசனை சொன்னார். "சொந்தமா எதுக்குங்க? ஒர்க்‌ஷாப் பேர்ல லீஸுக்கு எடுங்க. மூணு வருஷம் ஓட்டுங்க, திருப்பிக் குடுங்க, அடுத்ததை எடுங்க." பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகன் கார்த்தி, அதே ஜெர்மன் கம்பெனியின் புது மாடலை இரண்டே நாளில் பேசி முடித்துவிட்டான்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிற சாமானுக்கு எதற்கு வாசலில் கோலம், எதற்குத் தேங்காய் உடைப்பது? 'இந்த உடம்பே லீஸுதான்' என்று வேதாந்தமாக ஒரு வரி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். சாந்தாமணி இந்தப் பத்தியைப் படிக்கிறாள்… வேண்டாம்.

திருமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப குத்தகைங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"குத்தகைத் தோட்டத்துல யாருங்ணா தென்னம்புள்ளை வெப்பாங்க?" என்றார். காய்க்கிறதுக்குள்ளே குத்தகை முடிந்துவிடும் என்று அர்த்தம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து டெஸ்ட் டிரைவ். திருமூர்த்திதான் ஓட்டினார். நான் பக்கத்தில், சாந்தாமணி பின்னால், கார்த்தி ஸ்பீக்கர் போனில். புது வண்டி பயங்கரப் புத்திசாலி. கோட்டைத் தாண்டினால் கத்துகிறது. முன்னால் வண்டி வந்தால் கத்துகிறது. பக்கத்தில் ஸ்கூட்டர் வந்தாலும் கத்துகிறது. அவினாசி ரோட்டில் எது வராது? கத்திக்கொண்டே வந்தது.

"அப்பா, லேன் மாறினா ஸ்டீரிங்கை அதுவே திருப்பிக்கும். பார்க்கிங்கும் அதுவே பண்ணிக்கும்" என்றான் கார்த்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனி திருமூர்த்தி அண்ணனுக்கு வேலையே இல்லை போங்க!"

நாங்கள் சிரித்தோம். திருமூர்த்தியும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் எனக்கு எங்கே தெரிந்தது?

அன்றைக்கு மறுநாளிலிருந்துதான் இரண்டாவது சாவியைக் காணோம்.

எப்போதும் ஹாலில் சாவி மாட்டுகிற பலகையில் தொங்கும். அன்றைக்கு ஆணி மட்டும் இருந்தது. நாலு நாள் தேடினோம். பீரோவில் தேடினோம். ஃபிரிட்ஜுக்கு மேலே, சோபாவுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால்… அரிசி டப்பாவுக்குள்கூடக் கை விட்டுப் பார்த்தேன். "நீங்கதான் எங்கியோ வெச்சுட்டீங்க" என்றாள் சாந்தாமணி. "நீதான் சுத்தம் பண்றேன்னு எடுத்தே" என்றேன் நான். முப்பத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் போட்ட பழைய சண்டைகளையெல்லாம் அந்த நாலு நாளில் மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். ஒன்றுக்கும் தீர்ப்பு ஆகவில்லை.

இப்படியாகத்தான் வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நந்தினியின் முன்னால் ஒற்றைச் சாவியோடு நின்றேன்.

"ஒரு சாவி இல்லைன்னா மொத்த லாக் செட்டையும் மாத்தணுங்க சார். வெளிநாட்டுலிருந்து வரணும். மூணு வாரம் ஆயிருங்க."

"மூணு வாரமா? ஆடி பொறந்துருமே!" என்றாள் சாந்தாமணி. ராகு காலத்துக்கே இந்தப் பாடு என்றால் ஆடிக்குக் கேட்கவே வேண்டாம். எனக்கு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். திருமூர்த்தி பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிஷத்தில் கைமாறப் போகிற காரை, கல்யாணத்துக்குக் கிளப்புகிற மாதிரி, வீல் கப்பில் இருக்கிற மண்ணைக்கூட விடாமல்! என்ன மனுஷன் இவர் என்று நினைக்கும்போதே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்ணா…"

"என்ன திருமூர்த்தி, மணியாகுதுங்க!"

"சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

வெள்ளைச் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்தார். எங்கள் நாலு நாள் சண்டை அதற்குள்ளே பத்திரமாக இருந்தது.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஊட்டையே பொரட்டிப் போட்டமே! பார்த்துட்டுச் சும்மா நின்னீங்களா?"

"தப்புத்தானுங்க. எடுத்துப்போட்டேன்… திருப்பி வெக்க மனசு வரலீங்க." தலையைக் குனிந்துகொண்டார். "பொள்ளாச்சிச் சந்தையில மாடு விக்கறமுங்க. மாட்டைக் குடுப்பம். கயித்தை அவுத்துட்டுத்தான் குடுப்பம். வாங்கறவங்க அவங்க கயித்தைக் கொண்டாந்து கட்டிப் புடிச்சுட்டுப் போவாங்க. கயித்தையும் சேர்த்துக் குடுத்துட்டா, ஊட்டுல அப்புறம் மாடே தங்காதுங்க."

"அட, கார் என்ன மாடாங்க?"

நான் கேட்டது நியாயமான கேள்விதானே? ஆனால் நந்தினி என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார். "எங்கப்பாவும் கயிறு குடுக்க மாட்டாருங்க சார்" என்றார். ஆக, அந்த ஷோரூமில் காரை மாடாகப் பார்க்காத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

சாந்தாமணி மட்டும் திருமூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க திருமூர்த்தி… கார்த்தி போன்ல சொன்னதை மனசுல வெச்சுட்டீங்களா?"

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார்.

"தம்பி சொன்னதுல தப்பில்லீங்க்கா. அந்த வண்டியே எல்லாம் பாத்துக்குது. இந்தச் சாவியும் போச்சுன்னா… நான் என்ன சாக்கு வெச்சு உங்க ஊட்டுக்கு வாரதுன்னு…"

வெட்கமாக இருந்தது எனக்கு. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. லீஸைப் பற்றி ஆடிட்டரிடம் பேசினேன், மகனிடம் பேசினேன், பாங்க் மேனேஜரிடம்கூட யோசனை கேட்டேன். பதினாலு வருஷம் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்த மனுஷனிடம், இனி அவர் வேலை என்னாகும் என்பதைப் பற்றி என்ன சொன்னேன் தெரியுமா? 'வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துருங்க' என்று மட்டும். இதுதான் நம்ம ஊர்ப் பழக்கம். வாய்க்கு வாய் 'ங்க' போடுவோம். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டோம். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும், அவருக்கே தெரியாதா என்று விட்டுவிடுவோம். அவருக்கு எப்படித் தெரியும்?

"திருமூர்த்தி" என்றேன். "மூணு வருஷம்னு எழுதியிருக்கறது காருக்குங்க. உங்களுக்கில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செரிங்ணா" என்றார். அவ்வளவுதான். ஆனால் துணியை மடிப்பது நின்றுவிட்டது.

பத்து மணி பத்து நிமிஷம்! மனசு சமாதானமாகிவிட்டது. சாவி? மாட்டை விற்கலாம், கயிற்றைக் கொடுக்கக்கூடாது. ஆனால் சாவி இல்லாமல் கார் நகராதே! கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருமூர்த்தி திகைத்து நிற்கிறார். நந்தினி கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் சாந்தாமணியைப் பார்த்தேன். இக்கட்டான நேரங்களில் நான் வேறு எங்கும் பார்ப்பதில்லை.

"என்னங்க இது… கயிறுதானே?" என்றாள் அவள். "வண்டிக்குள்ளயே இருக்குதே!"

திருமூர்த்தி ஓடினார். ஐம்பது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பழைய காரின் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த பச்சை நைலான் கயிற்றை எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோயில் மாலை மாதிரி உள்ளே கொண்டுவந்தார். இரண்டாவது சாவியை அவரே நந்தினியின் மேஜையில் வைத்தார்.

"புது வண்டிக்கும் ரெண்டு சாவிங்க சார். மூணு வருஷம் கழிச்சு ரெண்டுமே வேணுங்க" என்று சொல்லிவிட்டு, நந்தினி திருமூர்த்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். இந்தத் தடவை அவர் சிரிப்பதை நான் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பத்து இருபத்தேழுக்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது. புது வண்டி ரோட்டுக்கு வந்தது. வழக்கம்போல ஸ்கூட்டரைப் பார்த்துக் கத்தியது, பஸ்ஸைப் பார்த்துக் கத்தியது. "பொறு கண்ணு, பொறு" என்று தட்டிக்கொடுத்து ஓட்டினார் திருமூர்த்தி. எங்கள் சந்துக்குள் வந்ததும், அதுவே பார்க் பண்ணட்டும் என்று விட்டோம். ஒரு பக்கம் முருங்கை மரம், இன்னொரு பக்கம் எதிர்வீட்டு புல்லட். கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் யோசித்துவிட்டு, இடம் போதாது என்று ஸ்கிரீனில் எழுதிக் காட்டிவிட்டது. திருமூர்த்தி ரெண்டே திருப்பில் உள்ளே விட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அன்று சாயங்காலமே கார்த்திக்குப் போனில் அர்ச்சனை நடந்து முடிந்தது. செய்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோ காலில் வந்தான். முதல் வேலையாகத் திருமூர்த்தியிடம் மன்னிப்புக் கேட்டான். "அட விடுங்க தம்பி" என்று அவர் பதறிப்போய், பேச்சை மாற்ற, போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். சீட்டைக் காட்டினார். ஸ்கிரீனைக் காட்டினார். கடைசியில் டிக்கியைத் திறந்தார். புத்தம்புதுக் கார்ப்பெட்டின் மேலே, அழுக்குப் பச்சையாகச் சுருண்டு கிடந்தது கயிறு.

"அண்ணா, இது நடுரோட்டுல நிக்கிற வண்டியே இல்லை. இதுக்குப் போயி எதுக்கு இந்தப் பழைய கயிறு?"

"வண்டி கம்பெனியுதுங்க தம்பி" என்றார் திருமூர்த்தி. "கயிறு நம்முளுது!"