போனது பேயா, எம்புருஷனா?

எம்புருஷன் என் கழுத்தை நெரிச்சாரு. அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன். ஊர்ல பாதிப் பேருக்கு அது மட்டுந்தான் தெரியும். மிச்சத்தை ஆண்டவர் சந்நிதியில, ஒங்க எல்லார் முன்னாடியும் நானே சாட்சியாச் சொல்லிடுறேன்.

போன ஐப்பசி மாசம். மணமேல்குடிப் பக்கம், கடலோரத்துல எங்க வீடு. அவரு அருளப்பன், நாட்டுப் படகுல கடலுக்குப் போறவரு. வாய்தான் நீளம், கை நீண்டதே இல்லை. அன்னைக்குக் காலையில காப்பித் தண்ணி எடுத்துக்கிட்டுப் போறேன், "யாருடி நீ?"ன்னு எந்திரிச்சாரு. ரெண்டு கையும் என் கழுத்துல. கண்ணு இருட்டுது, சத்தம் வரலை. கொழுந்தன் சேவியர் ஓடியாந்து இழுக்கலைன்னா நான் இங்க நிக்க மாட்டேன்.

சேவியர் கையைக் கடிச்சுச் சதையைப் பிச்சுட்டாரு. அருவாமனையைத் தூக்கி எறிஞ்சாரு, அது என் காதோரமாப் போயிச் செவுத்துல அடிச்சு விழுந்துச்சு. தலையை நிலைப்படியில மோதி மோதி ரத்தம் மூஞ்சியெல்லாம் வழியுது. வேத புத்தகத்தை முற்றத்துல வீசிட்டு, ஆண்டவரைச் சொல்லக்கூடாத வார்த்தை சொல்லித் திட்டுனாரு. அன்னைக்கு நான் அலறுன மாதிரி, பெத்த தாய் செத்தப்ப கூட அலறுனதில்லை.

அதுக்கு முந்தின வாரந்தான் அவரு வலையில ஒரு பொணம் சிக்கியிருந்துச்சு. எங்க பக்கம் கடல்ல பொணத்தைப் பாத்தா விட்டுட்டு வரமாட்டாக, கரைக்குக் கொண்டாந்து சேத்துருவாக. இவருதான் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. அப்பறம் கேக்கவா வேணும்? செத்தவன் வந்து புடிச்சுக்கிட்டான்னு தெருவே முடிவு கட்டிருச்சு. நானும் நம்புனேன்.

பாஸ்டர் ஐயா அன்னைக்கு அறந்தாங்கி போயிருந்தாக. ஜெபக்குழு ரோஸ் அக்கா பெண்டுகளைக் கூட்டிக்கிட்டு வந்தாக. அக்கா, நீங்க முன்னாடிதான் உக்காந்திருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. நைலான் கயித்தால கையையும் காலையும் தூணோட சேத்துக் கட்டுனோம். முடிச்சுப் போட்டது நாந்தான். சுத்தி நின்னு "வெளிய போ, வெளிய போ"ன்னு தொண்டை கிழியக் கத்துனோம். அவரு துள்ளத் துள்ள கயிறு தோலை உரிக்குது. ஒருத்தரும் விடலை.

உச்சிப் பொழுதுக்கு அவரு அடங்குனாரு. தலை தொங்கிருச்சு. உடனே எல்லாரும் கையைத் தட்டி, "விடுதலை, விடுதலை"ன்னு துதிச்சாக. ஒருத்தி டீ போடவே போயிட்டா.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரலை. கிட்டப் போயித் தொட்டேன். நெத்தி கொதிக்குது, கை விரல் சில்லுன்னு இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்புட்டா கண்ணு தொறக்கலை. கரையில போட்ட மீனாட்டம் மூச்சு வாங்குது. முந்தின நாள்லேருந்து ஒண்ணுக்குக்கூடப் போகலைங்கிறது அப்பத்தான் ஒறைச்சுது. சுத்தி அவுக பாடுறாக, நான் தரையில விழுந்தேன். எனக்கு அழகா ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, போனது பேயா, எம்புருஷனா? காட்டும்யா"ன்னு மட்டுந்தான் கேட்டேன்.

கேட்டுட்டுக் கயித்தை அவுத்தேன். ரோஸ் அக்கா தடுத்தாக, நான் அவுத்தேன். கால் கட்டை உருவுறப்ப, பாதத்துல அப்பியிருந்த சுண்ணாம்பு மஞ்சப் பத்து பாளம் பாளமாப் பேந்து வந்துச்சு. அடியில பாதம் கருநீலமா வீங்கி, கைலிக்குள்ள கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருக்கு. நாத்தம் கொடலைப் பொரட்டிருச்சு. அந்த வாரம் கால்ல கெளுத்தி மீன் முள்ளு குத்துனதுக்கு எல்லாரும் செய்யிற மாதிரி பத்தைப் போட்டுக்கிட்டு, மறுநாளும் உப்புத் தண்ணியில நின்னிருக்காரு மனுசன். நாங்க பேயைத் தேடுனோம், அது காலுல சீழ் கட்டி உக்காந்திருந்துச்சு.

ஆம்புலன்ஸ்ல ஏத்தி, அங்கிட்டு இங்கிட்டு நிக்காம புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரி போயிச் சேந்தோம். காலைக் கீறிச் சீழை எடுத்தாக. மூச்சுக்குக் குழாய் போட்டாக. அங்க இருந்த டாக்டரம்மா என் கழுத்துத் தடத்தைப் பாத்துட்டு, உக்கார வச்சுச் சொன்னாக.

"ரத்தத்துல கிருமி பரவி, உடம்பு முழுக்கத் தாக்கியிருக்கும்மா. செப்சிஸ்னு சொல்லுவோம். கிருமி மூளைக்குள்ள போகலைன்னாலும், உடம்பு அதோட போடுற சண்டையில மூளை கலங்கிடும். சிலர் அடிப்பாங்க, கத்துவாங்க. அடங்கிப் போனா கொணமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. அதுதான் இன்னும் ஆபத்து."

நாங்க கை தட்டுன நேரத்துல அவரு செத்துக்கிட்டு இருந்தாரு. 

வார்டு வெளிய ரோஸ் அக்காவும் நானும் முழங்கால்ல கெடந்தோம். பாஸ்டர் ஐயாவும் வந்துட்டாக. இந்தத் தடவை யாரையும் வெளிய போகச் சொல்லலை. அவரைத் திருப்பித் தாங்கன்னு மட்டும் கேட்டோம். உசுரை ஆண்டவர் குடுத்தாரு. கால்ல ரெண்டு விரல் போச்சு, காலு தப்பிச்சுது.

ஆனா வீட்டுக்கு வந்தவரு அவரு இல்லை. மகள் பேரை மறந்தாரு. வலையில கண்ணி போடத் தெரியாம மண்டையில அடிச்சுக்கிட்டாரு. கயித்தைப் பாத்தாலே மூலையில ஒடுங்குவாரு. ஒருநாள் மெதுவாக் கேட்டாரு, "நான் ஒன்னைய நெரிச்சேனா?" ஆமான்னேன். விம்மி விம்மி அழுதுட்டுச் சொன்னாரு: "அந்தப் பொணம் எந்திரிச்சு வந்து ஒன்னைய கடலுக்கு இழுத்துச்சு புள்ள. ஒன்னைய விடுவிக்கத்தான் அது கழுத்தைப் புடிச்சேன்."

என்னையக் காப்பாத்தத்தான் என்னையவே கொல்லப் பாத்திருக்காரு. அவரை மடியில போட்டுக்கிட்டு நானும் அழுதேன். மூளை ஆறுறதுக்கு மாசக்கணக்காகும், சிலது திரும்பாமலும் போகலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக. நான் தெனமும் ஜெபிச்சேன். கொஞ்சங் கொஞ்சமா வந்தாரு. தம்பியோட கடலுக்கும் போறாரு, இஞ்சினை மட்டும் இன்னும் கையில குடுக்கலை. போன வாரம் குழம்புல புளி கூடிருச்சுன்னு தட்டைத் தள்ளிட்டு, என் பொறந்த வீட்டையே இழுத்து வஞ்சாரு. அடுப்படிக்குள்ள போயி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு ஆனந்தமா அழுதேன். அது முழுக்க முழுக்க எம்புருஷனோட கோவம்.

கேக்குறவகளே, ஒங்க வீட்டுலயும் காய்ச்சலோட ஒருத்தர் திடீர்னு ஆள் மாறிப் பேசுனா, தலையில கை வச்சு ஜெபிங்க. வச்ச கைக்குச் சூடு தெரியும். உடனே வண்டியை வரச் சொல்லுங்க. கர்த்தர் என் கூட ஆம்புலன்ஸ்லதான் வந்தாரு. ஒங்க கூடவும் வருவாரு, நீங்க ஏறுங்க. ஆமென்னு போற வழியில சொல்லிக்கலாம்.